நிலத்தடியில் கிடைக்கும் மரியாதை



சென்னை மாநகரின் நிலத்தடி ரயிலைப் பற்றி நம்மவர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வரும். "அல்ஹம்துலில்லாஹ், என்ன வசதி! மண்ணடியில் ஏறினால் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம்" என்பார் ஒருவர். "அது காசுள்ளவனுக்கு ஓடுகிற வண்டி" என்பார் இன்னொருவர். கூர்ந்து கேட்டால் இவ்விரண்டையும் ஒரே மனிதரே வெவ்வேறு நேரங்களில் சொல்வதும் உண்டு. நமக்கும் அந்த வண்டியின் மீது விருப்பும் வெறுப்பும் கலந்தே இருக்கின்றன. அடிக்கடி அதில் பயணம் செய்கிறவர்கள் என்ற முறையில், விருப்பு எதனால், வெறுப்பு எதனால் என்று எண்ணிப் பார்த்தோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று தோன்றியது. அதையே இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் சிறிது வரலாறு. உலகின் முதல் சுரங்க ரயில் இலண்டனில் 1863ஆம் ஆண்டு ஜனவரி 10 அன்று ஓடத் தொடங்கியது. அன்று அதை இழுத்தது நீராவி இயந்திரம். புகை சூழ்ந்த சுரங்கத்துக்குள் மக்கள் இருமிக்கொண்டே பயணம் செய்தார்கள். நம் நாட்டில் இந்த வகை ரயில் முதலில் வந்தது கொல்கத்தாவுக்கு, 1984 அக்டோபர் 24 அன்று. சென்னையில் பணிகள் 2009இல் தொடங்கின. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மேம்பாலத்தில் வண்டி ஓடியது. 2017 மே 14 அன்று திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை முதன்முறையாக மண்ணுக்கு அடியில் ஓடியது. 2019 பிப்ரவரி 10 அன்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரையிலான பகுதி திறக்கப்பட்டது. ஆயிரம் விளக்கும், உயர் நீதிமன்றமும், மண்ணடியும் அன்றுதான் ரயில் நிலையங்களாயின. முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டரில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சுரங்கம்.

இதற்கு நகரம் கொடுத்த விலையும் சிறிதன்று. அண்ணா சாலை ஆண்டுக்கணக்கில் தடுப்புகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது. வடக்கே மணலும் களிமண்ணும், தெற்கே செல்லச் செல்லக் கடும்பாறையும் கொண்ட நிலம் இது. அதைத் துளைப்பது எளிதான காரியமாக இருக்கவில்லை. ஒப்பந்தக்காரர் பாதியில் விலகியதால் அச்சாலையின் பணி தாமதமானதும், 2017 ஏப்ரலில் சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கியதும், அதில் இருந்தவர்கள் இறையருளால் உயிர் தப்பியதும் பலருக்கு நினைவிருக்கும். இத்தனை துன்பத்துக்குப் பிறகு கிடைத்த ஒன்றை எடுத்தோம் கவிழ்த்தோம் என்று குறைகூறுவது நியாயமன்று. ஆகவே அதன் நிறையிலிருந்தே தொடங்குகிறோம்.

பாரிமுனையில் மாலை வேளையில் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். வண்டி நிற்பதற்கு முன்பே படியைப் பிடிக்க ஓட்டம், இறங்குவோரை இறங்கவிடாமல் ஏறுவோர், இடம்பிடிக்க ஜன்னல் வழியே வீசப்படும் பைகள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், உயர் நீதிமன்ற நிலையத்தின் படிகளில் இறங்கிப் பாருங்கள். அதே ஊர், அதே மக்கள், அதே நேரம். ஆனால் கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். இறங்குவோர் இறங்கிய பிறகே பெரும்பாலும் ஏறுகிறார்கள். தரையில் ஒரு காகிதத் துண்டு இல்லை, சுவரில் வெற்றிலைக் கறை இல்லை. வெளியே தெருவில் துப்பிவிட்டு வந்தவர்கூட உள்ளே துப்புவதில்லை.

இது எப்படி நேர்ந்தது? "கேமராவுக்கும் அபராதத்துக்கும் பயந்துதான்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால், கேமரா வைத்த எல்லாத் தெருக்களும் இந்நேரம் சுத்தமாகியிருக்க வேண்டுமே! நாம் வேறொரு காரணத்தையும் காண்கிறோம். அடுத்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று பலகையில் எழுதியிருக்கிறது. சொன்ன நேரத்தில் அது வருகிறது. இதை விட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வரும் என்ற உறுதி மனத்தில் இருக்கிறது. உறுதி இருக்கும் இடத்தில் முண்டியடிக்க வேண்டிய தேவை இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்த உறுதி இல்லை. இந்த வண்டியை விட்டால் அடுத்தது பத்து நிமிடத்தில் வருமா, ஒரு மணி நேரம் ஆகுமா என்று அவருக்குச் சொல்வாரில்லை. அவருடைய ஓட்டத்தைப் பண்பின்மை என்று பழிப்பதற்கு முன், அவரை ஓடவைத்தது எது என்று கேட்க வேண்டும்.

நம் மதரஸாவிலும் இதைக் கண்டிருக்கிறோம். முப்பது பிள்ளைகள் இருக்க, குர்ஆனை வைத்து ஓதும் பலகைகள் பத்தே இருந்தால், அடக்கமான பிள்ளையும் அடுத்தவனைத் தள்ளிவிட்டு ஓடுவான். முப்பது பலகைகளையும் வரிசையாக வைத்துவிட்டால், மிகவும் துடுக்கான பிள்ளையும் தன் பலகைக்கு முன்னால் அமைதியாக உட்காருவான். பிள்ளைகள் மாறவில்லை. தனக்குரியது தனக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வந்துவிட்டது, அவ்வளவே. பொறுமையைப் போதிப்பது ஆசிரியரின் கடமைதான். பொறுமையாக இருப்பவன் ஏமாறாத ஒரு நிலையை உண்டாக்கி வைப்பதும் அவருடைய கடமையே.

ஆகவே நிலத்தடி ரயிலில் நாம் விரும்புவது அதன் வேகத்தையும் குளிர்ச்சியையும் மட்டுமன்று. அது மனிதனுக்குக் கொடுக்கும் மரியாதையை விரும்புகிறோம். பார்வையற்றவர் கால்பட்டு வழியறியத் தரையில் புடைப்பான மஞ்சள் பட்டை பதித்திருக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள முதியவருக்கு மின்தூக்கி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி அடுத்த நிலையத்தின் பெயரைத் தமிழில் சொல்கிறார்கள். பெண்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி நம் வீடுகளில் என்ன மாற்றத்தைச் செய்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மகள் கல்லூரிக்குப் போவதில் பெற்றோருக்கு மறுப்பு இருப்பதில்லை. போகும் வழியில்தான் அச்சம். நெரிசலான பேருந்தில் ஒரு பெண்பிள்ளை என்னென்ன பட வேண்டியிருக்கிறது என்பதை எந்தத் தாயும் அறிவாள். "படிக்கட்டும், ஆனால் பக்கத்தில் எங்காவது படிக்கட்டும்" என்று சொன்ன வாப்பாமார்கள், "ரயிலில் போய் ரயிலில் வருவதானால் சரி" என்று இசைந்ததை நாம் நேரில் கேட்டிருக்கிறோம். ஒரு வாகனத்தால் ஒரு பெண்ணின் கல்விக்கு வாசல் திறக்கிறது என்றால் அதைப் போற்றாமல் எதைப் போற்றுவது?

இனி வெறுப்புக்கு வருவோம். சின்னச் சின்ன வருத்தங்கள் சில உண்டு. பெட்டிக்குள் எவரும் எவரையும் பார்ப்பதில்லை. காதுகளை அடைத்துக்கொண்டு, கைபேசிக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறார்கள். சிறு கூட்டத்தார் பெருங்கூட்டத்தாருக்கும் வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்த மார்க்கத்தைச் சேர்ந்த நாமும், எதிரே தொப்பியணிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டும் வாய் திறவாமல் இறங்கிப் போகிறோம். இன்னொன்று, நகரத்தின் அடியில் போகிறோமே தவிர நகரத்தின் வழியே போவதில்லை. மண்ணடியில் இறங்கி ஆயிரம் விளக்கில் ஏறிவரும் பிள்ளைக்கு, நடுவே கோட்டை ஒன்று இருப்பதோ, தீவுத்திடல் இருப்பதோ, அண்ணா சாலையின் பழைய கட்டடங்கள் இருப்பதோ தெரியாது. வாலாஜா பள்ளிவாசலுக்கு அரசினர் தோட்ட நிலையத்திலிருந்து நடந்தே போகலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நோன்புக் காலத்தில் வேறொரு சிக்கல். பாங்கு சொல்லும் நேரத்தில் வண்டிக்குள் இருந்தால், உள்ளே உண்ணவும் பருகவும் அனுமதி இல்லை.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தக்கவை. நாமே சரிசெய்துகொள்ளவும் முடிந்தவை. நோன்பு திறக்கும் நேரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே இறங்கி, வெளியே வந்து ஒரு பேரீச்சம்பழத்தையும் ஒரு மிடறு தண்ணீரையும் அருந்திவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். ஸலாம் சொல்வதற்கோ எவரும் தடை போடவில்லை. நம்முடைய உண்மையான வெறுப்பு இவற்றின் மீதன்று.

நாம் வெறுப்பது அந்த மரியாதைக்கு நடுவே நிற்கும் சிறிய தானியங்கிக் கதவை. பயணச்சீட்டைக் காட்டினால் திறக்கிறதே, அந்தக் கதவு. அதற்கு உள்ளே மனிதனுக்கு மரியாதை உண்டு. அதற்கு வெளியே அதே மனிதன் வேறொருவனாகிவிடுகிறான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குறைந்த கட்டணம் 10 ரூபாய். அதிகக் கட்டணம் 70 ரூபாயாக இருந்ததை 2021 பிப்ரவரியில் 50 ரூபாயாகக் குறைத்தார்கள். அது வரவேற்கத் தக்கதே. ஒரு மாணவி கல்லூரிக்குப் போக ஒரு வழிக்கு 30 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பயண அட்டைக்கு 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஆகவே 24 ரூபாய். போகவர 48. மாதத்துக்கு 25 நாள் என்றால் 1,200 ரூபாய். வீட்டில் படிக்கும் பெண்கள் இருவர் என்றால் 2,400. மண்ணடியில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதும் தகப்பனுக்கு, அல்லது வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுக்கும் தாய்க்கு இது எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. மறுபக்கம், 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிம்மதி தந்த ஏற்பாடு அது. ஆனால் விளைவைப் பாருங்கள். இலவச வண்டியில் இடிபட்டுப் போக வேண்டும். இடிபடாமல் போவதற்குப் பணம் வேண்டும். தாயின் அச்சம் இரு வீட்டிலும் ஒன்றுதான். அந்த அச்சத்துக்கு மருந்து வாங்கும் வசதி மட்டும் ஒரு வீட்டில் இருக்கிறது, ஒரு வீட்டில் இல்லை.

கட்டணத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தவுடன் என்ன நடக்கிறது? மின்தூக்கி ஒரு வாசலில் இருக்கும்; நாம் போக வேண்டிய தெரு வேறொரு வாசலில் இருக்கும். மேலே வந்தால் நடைபாதை சரக்கு மூட்டைகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் சொந்தமாகியிருக்கும். மீன்பாடி வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே, சாக்கடை நீரைத் தாண்டி, ஒரு வயதான உம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். கீழே அவருக்காக மின்தூக்கியும் மஞ்சள் பட்டையும் அமைத்த அதே மாநகரம், மேலே பத்தடி நடப்பதற்கு ஒரு சமதளத்தைத் தரவில்லை. ஆளுயரத்துக்கு மேல் மண்ணைத் தோண்டி உள்ளே போனால்தான் மனிதனுக்கு மதிப்பு என்றால், அது விந்தையான ஒரு நீதி அல்லவா?

"இவ்வளவு செலவில் கட்டிய ரயில், கட்டணம் வாங்காமல் எப்படி நடத்துவது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்பது நம் நோக்கமன்று. நாம் கேட்பது கவனத்தைப் பற்றி. 2024ஆம் ஆண்டு முழுவதும் இந்த ரயிலில் நடந்த பயணங்கள் 10 கோடிக்குச் சற்று அதிகம். மாநகரப் பேருந்துகளிலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 லட்சம் பேர் பயணம் செய்கிறார்கள். ரயில் ஓராண்டில் சுமந்த கூட்டத்தைப் பேருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் சுமந்துவிடுகிறது. அப்படியானால், அடுத்த வண்டி எப்போது வரும் என்ற உறுதி முதலில் தேவைப்படுவது யாருக்கு? நிழலும் இருக்கையும் வெளிச்சமும் உள்ள நிறுத்தம் முதலில் தேவைப்படுவது யாருக்கு? இரண்டாம் கட்டமாக 118.9 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய் மதிப்பீட்டில் பணிகள் நடந்துவருகின்றன. அவை நல்லபடியாக முடிய வேண்டும் என்றே நாமும் விரும்புகிறோம். அந்தப் பெருந்தொகையில் ஒரு சிறு பங்கு அளவுக்கேனும் மேலே உள்ள நடைபாதைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் செலவிட்டால், ரயிலில் ஏறாதவருக்கும் அந்த மரியாதை போய்ச் சேரும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. மாணவ மாணவியருக்குத் தனிச் சலுகைக் கட்டணம் வேண்டும். ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும், கீழே இருப்பது போலவே, அடுத்த வண்டி வரும் நேரத்தைச் சொல்லும் பலகை வேண்டும். சொன்ன நேரத்தில் வண்டியும் வர வேண்டும். நிலையத்தின் ஒவ்வொரு வாசலிலிருந்தும் சுற்றியுள்ள தெருக்களுக்கு ஒரு முதியவர் தடுமாறாமல் நடந்துபோகும் பாதை வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானைச் சேர்ந்தது என்று நம் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே கற்பிக்கிறோம். ஜும்ஆ நாளன்று நம் பள்ளிவாசல்களுக்கு முன்னால் நடைபாதை எப்படி இருக்கிறது? தொழுகைக்கு விரைந்து வந்தவரின் வண்டி, நடந்து வருபவரின் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களின் சரக்கு பாதி உள்ளே இருக்கிறது, பாதி நடைபாதையில் இருக்கிறது. மண்ணடி நிலையத்துக்குள் காகிதம் போடாத கைதான் மண்ணடித் தெருவில் போடுகிறது. கீழே நம்மால் முடிகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டது. இனி "நம் மக்கள் திருந்தமாட்டார்கள்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் மனம் வைத்தால், ஜும்ஆ நேரத்தில் வண்டி நிறுத்துவதற்கு இரண்டு இளைஞர்களை நியமித்து ஒரே வாரத்தில் இதைச் சீராக்கிவிடலாம்.

மற்றொரு யோசனையையும் முன்வைக்கிறோம். ஒரு மாணவியின் பயணச் செலவு மேலே சொன்ன கணக்குப்படி மாதம் 1,200 ரூபாய். கல்லூரி நடக்கும் பத்து மாதத்துக்கு 12,000 ரூபாய். வசதியுள்ள வீட்டு வலீமா விருந்தில் ஒரு வகைக் கறியைக் குறைத்தால் சில பிள்ளைகளின் ஓராண்டுப் பயணம் நிறைவேறிவிடும். கல்விக் கட்டணம் கட்ட உதவும் நல்லோர் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் கல்லூரியில் இடம் கிடைத்தும், போய்வரச் செலவுக்கு வழியில்லாமல் நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றி நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஐந்து பிள்ளைகளின் பயண அட்டைக்குப் பொறுப்பேற்றால் போதும். யாருக்குக் கொடுத்தோம் என்பது ஊருக்குத் தெரியாமல், அட்டையில் பணம் ஏறிவிடும். வாங்குபவர் முகம் கோணாமல் கொடுப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி எது?

இப்படியெல்லாம் எழுதுவதால் நிலத்தடி ரயிலைக் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். நம் ஊர் மக்களால் வரிசையில் நிற்க முடியும், பெண்ணுக்கு வழிவிட முடியும், தரையைத் தூய்மையாக வைத்திருக்க முடியும் என்பதை நமக்கே காட்டிக் கொடுத்தது அந்த ரயில்தான். அதற்காகவே அதை விரும்புகிறோம். காட்டிய அந்த நல்ல நிலையை ஒரு கதவுக்கு உள்ளேயே வைத்துக்கொண்டதற்காக அதன் மீது வருந்துகிறோம். அந்த வருத்தம் தீரும் வழி, ரயிலிடம் பாதியும் நம்மிடம் பாதியும் இருக்கிறது. நம் பங்கை வருகிற ஜும்ஆவிலிருந்தே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்குவானாக. வழிநடப்போருக்கு இடையூறு தராதவர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக. ஆமீன்.